மார்ஸ் போர்க்கடவுளா, வயற்கடவுளா? ரோமானியச் சடங்குகளில் அவருக்கு என்ன வேலை?

செம்மண் (இழையைத் தொடங்கியவர்)

பொது அறிவுப் புத்தகங்களில் ஒரே வரிதான்: ஏரிஸ் என்ற கிரேக்கப் போர்க்கடவுளுக்கு ரோமானியர் வைத்த பெயர் மார்ஸ். சடங்குகளைப் பற்றிய பழைய நூல்களுக்குள் போனால் அந்த வரி தாங்காது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில், நிலத்தைச் சுற்றிவந்து பலி கொடுக்கும் உழவர் வேண்டிக்கொள்வது மார்ஸிடம். பயிர், கொடி, ஆடுமாடு, மேய்ப்பர் எல்லாம் அந்த வேண்டுதலுக்குள் வருகிறது. மறுபக்கம், போரில் வென்று ஊர்வலமாக வரும் தளபதி கடைசியில் போய் நிற்பது கேபிடல் குன்றில், ஜூப்பிட்டர் முன்னால். போர் அறிவிக்கும் ஃபெடியாலிஸ் குருமார் சாட்சிக்கு முதலில் அழைப்பதும் ஜூப்பிட்டரைத்தான்.

அப்படியென்றால் மார்ஸின் வேலை எது? ரோமுலஸ் பிறப்புக் கதை எல்லாருக்கும் தெரியும், அது வேண்டாம். எந்த நாளில், எந்த இடத்தில், எந்த விலங்கை, என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று மட்டும் பார்ப்போமா?

ஏட்டுக்கட்டு

நல்ல தொடக்கம். கேட்டோவின் 141ஆம் பகுதியைப் படிப்படியாக வைக்கிறேன். விடையில் பாதி அங்கேயே இருக்கிறது.

வேண்டியவை மூன்று பால்குடிக் குட்டிகள்: பன்றிக்குட்டி, ஆட்டுக்குட்டி, கன்று. இந்த மூன்றின் பெயரையும் சேர்த்துக் கோத்த சொல்தான் சுவோவெடௌரிலியா. நில உரிமையாளர் தன் ஆளிடம், இவற்றை என் நிலத்தைச் சுற்றி நடத்தியோ தூக்கியோ கொண்டுபோய் நிலத்தைத் தூய்மை செய் என்று வாய்விட்டு ஆணையிட வேண்டும். அடுத்து ஜானஸுக்கும் ஜூப்பிட்டருக்கும் திராட்சை மது வார்த்து முன்னழைப்பு. அதன்பிறகே "மார்ஸ் தந்தையே" என்று தொடங்கும் நீண்ட வேண்டுதல். ஸ்ட்ரூயெஸ், ஃபெர்டும் என்று இரண்டு வகைப் பலகாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வெட்டும்போது சொல்வதற்குத் தனிச் சொற்கள். கடைசியில் உள்ளுறுப்புகளைப் பார்த்து, பலி ஏற்கப்பட்டதா என்று முடிவு செய்வார்கள்.

ஏற்கப்படாவிட்டால்? அதற்கும் வழி எழுதியிருக்கிறார். மூன்றுமே சரிப்படவில்லை என்றால், "மார்ஸ் தந்தையே, அந்தப் பலியில் உனக்கு ஏதேனும் நிறைவில்லை என்றால் இந்த மூன்றையும் பரிகாரமாகத் தருகிறேன்" என்று புதிதாக மூன்று குட்டிகள். ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் ஐயம் என்றால் அந்த விலங்கை மட்டும் பெயர் சொல்லித் திரும்பக் கொடுத்தால் போதும். குட்டி மூன்றோடு செலவு முடிந்துவிடும் என்று நினைத்து இறங்கக் கூடாது.

இப்போது வேண்டுதலின் வினைச்சொற்களைக் கவனியுங்கள். நோய், வெறுமை, அழிவு, இயற்கைச் சீற்றம் ஆகியவற்றைத் "தடு, காத்து நில், அப்பால் திருப்பிவிடு". கண்ணுக்குத் தெரியும் நோய், தெரியாத நோய் இரண்டையும். பயிரும் கொடியும் வளர்வதைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இலத்தீன் வினை "வளரச் செய்" என்று இல்லை, "வளர விடு" என்றிருக்கிறது. மார்ஸ் விதையை முளைக்க வைப்பவர் அல்லர். முளைப்பதை யாரும் அழிக்காதபடி வரப்பில் நிற்பவர். அவருக்கு வயலிலும் வேலை காவல்தான், போரிலும் காவல்தான்.

வடமுனை

அவ்வளவு வேகமாக முடிக்க வேண்டாம், நண்பரே. அதே வேண்டுதலில் "எனக்கும் என் வீட்டுக்கும் குடும்பத்துக்கும் நல்ல உடல்நலம் தா" என்றும் இருக்கிறது. "தா" காவல்காரனிடம் சொல்லும் சொல் அல்ல.

அதோடு 83ஆம் பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாடுகள் நலமாக இருக்க மார்ஸ் சில்வானஸுக்குக் காட்டில், பகல் வேளையில் நேர்த்தி (சில்வானஸ் என்பது காட்டுத் தெய்வத்தின் பெயர்). ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று அளவு தெளிவாக இருக்கிறது: ஃபார் என்னும் பழங்கோதுமை மாவு 3 ராத்தல், பன்றிக் கொழுப்பிறைச்சி 4½ ராத்தல், கொழுப்பில்லாத இறைச்சி 4½ ராத்தல், மது 3 செக்ஸ்டாரியஸ். ரோமானிய ராத்தல் ஏறக்குறைய 327 கிராம். ஆக மாவு 1 கிலோ, இறைச்சி வகைக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மது 1.6 லிட்டர். திடப் பொருள் எல்லாம் ஒரே பாத்திரத்தில், மது தனிப் பாத்திரத்தில். அடிமையும் செய்யலாம், சுதந்திர மனிதனும் செய்யலாம். படைத்ததை அந்த இடத்திலேயே உடனே உண்டு தீர்க்க வேண்டும். பெண்கள் உடனிருக்கக் கூடாது, பார்க்கவும் கூடாது. ஆண்டுதோறும் வேண்டிக்கொள்ளலாம்.

இதில் ஈட்டி எங்கே, எல்லை எங்கே? மாட்டு நலம் மட்டும்தான் தெரிகிறது.

ஏட்டுக்கட்டு

"தா" பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்த ஒரு வினையை என் விளக்கம் தாங்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

83இல் மட்டும் ஒன்று. சடங்கு நடக்கும் இடம் தொழுவம் அல்ல, காடு. மாடு மேய்ச்சலுக்குப் போய், உழுத நிலத்தைத் தாண்டி, ஓநாய் இருக்கும் இடத்தில் நிற்கும் நேரம். மாட்டுக்கு ஆபத்து தொடங்கும் இடம் அதுதான். ஓநாய் மார்ஸின் விலங்கு என்பதையும் மறக்க வேண்டாம். "மார்ஸ் சில்வானஸ்" ஒரே தெய்வத்தின் இரட்டைப் பெயரா, "மார்ஸுக்கும் சில்வானஸுக்கும்" என்று பிரித்துப் படிக்க வேண்டுமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இலத்தீன் வேண்டுதல்களில் "உம்" போன்ற இணைப்பு இல்லாமல் பெயர்களை அடுக்குவது சாதாரணம், அதனால் இரண்டுக்கும் இடமுண்டு.

கல்லெழுத்து

எல்லை என்ற பேச்சு வந்ததால் ஆர்வல் சகோதரர் பாட்டைச் சொல்லாமல் போக முடியாது. பன்னிரண்டு குருமார். ரோமுக்கு வெளியே, இன்று லா மால்யானா எனப்படும் இடத்தில் டியா டியா என்ற தெய்வத்தின் தோப்பில் சடங்கு செய்தவர்கள். கி.பி. 218இல் நடந்த சடங்கைப் பதிந்த பளிங்குக் கல்வெட்டு 1778இல் வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத் திருப்பண்ட அறைக்கு அடித்தளம் தோண்டியபோது கிடைத்தது.

கதவைச் சாத்திக்கொண்டு, ஆடையை இழுத்துச் செருகி, பாட்டு எழுதிய சுவடிகளைக் கையில் வாங்கிக்கொண்டு, மூன்றடித் தாளத்தில் மிதித்தபடி பாடினார்கள் என்று கல்வெட்டே சொல்கிறது. ஒவ்வொரு வரியும் மூன்று முறை. கடைசிச் சொல் "திரியும்பே" ஐந்து முறை. சுவடி தேவைப்பட்டதன் காரணம் எளிது: கி.பி. 218இல் அந்த மொழி பல நூற்றாண்டு பழையது, நினைவிலிருந்து பாடினால் பிழை வரும். பிழை வந்தால் சடங்கு கெட்டது.

பாட்டில் முதல் அழைப்பு வீட்டுக் காவல் தெய்வங்களான லாரெஸுக்கு. அடுத்தது மர்மர் என்ற பழம்பெயரில் மார்ஸுக்கு: கொள்ளைநோயும் அழிவும் மக்கள்மீது பாய விடாதே. அதன்பின் "நிறைவுகொள், கொடிய மார்ஸே, வாசற்படிமேல் தாவு, நில்". அதை ஒட்டிவரும் "பெர்பெர்" என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். ஆனால் அந்த வரியில் வரும் லீமென் என்றால் வாசற்படி, அதில் ஐயமில்லை. வயல் செழிக்கச் செய்யும் சடங்கில் மார்ஸை நிறுத்தும் இடம் வாசற்படி.

செம்மண்

அருமை. அப்படியானால் "கொடிய" என்ற அடைமொழிக்கு என்ன பொருள்? காக்கச் சொல்கிறார்களா, நீயே எங்களைத் தாக்காதே என்கிறார்களா?

கல்லெழுத்து

இரண்டும். எதிரியைக் கடிக்கும் நாய் வீட்டாரையும் கடிக்கலாம். "நிறைவுகொள்" என்பது அந்த அச்சத்தில் வந்த சொல் என்றுதான் எனக்குப் படுகிறது.

பஞ்சாங்கம்

இடத்தில் தெரியும் இந்த எல்லை காலத்திலும் இருக்கிறது. பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில், அதாவது மார்ஸின் மாதத்தில் தொடங்கியது. செப்டம்பர் என்ற பெயருக்கு ஏழாம் மாதம் என்று பொருள் வருவது அதனால்தான். விழாக்களை வரிசையாகப் பாருங்கள்.

பிப்ரவரி 27இல் ஈக்விரியா, மார்ஸ் திடலில் குதிரைப் பந்தயம். மார்ச் 1 மார்ஸின் நாள், அன்று சாலியர் என்ற நடனக் குருமார் புனிதக் கேடயங்களை வெளியே எடுப்பார்கள். மார்ச் 14இல் இரண்டாவது ஈக்விரியா. டைபர் ஆறு பெருகித் திடல் மூழ்கினால் பந்தயத்தைக் கைவிடுவதில்லை, கேலியன் குன்றுக்கு மாற்றுவார்கள். மார்ச் 19 குவின்குவாட்ரஸ், ஆயுதத் தூய்மை. மார்ச் 23 டுபிலுஸ்ட்ரியம், ஊதுகொம்புகளின் தூய்மை. குதிரை, கேடயம், ஆயுதம், கொம்பு என்று படைக்கு வேண்டிய ஒவ்வொன்றும் முறையாகத் திறக்கப்படுகிறது.

பிறகு கோடை முழுக்க மார்ஸுக்குப் பெரிய விழா குறைவு. அக்டோபர் 15இல் அக்டோபர் குதிரை, 19இல் அவென்டைன் குன்றில் ஆர்மிலுஸ்ட்ரியம். ஆயுதங்களைத் தூய்மை செய்து உள்ளே வைத்தாயிற்று, படை கலையும் பருவம் வந்தாயிற்று.

ஒரு சிறு விஷயம்: ரோமானிய விழாக்கள் பொதுவாக ஒற்றைப்படை நாட்களில் வரும். மார்ச் 14 ஈக்விரியா அந்த விதியை மீறுகிறது. 15இலிருந்து ஒரு நாள் முன்னுக்கு நகர்த்தப்பட்டது என்பார் உண்டு.

செம்மண்

கிழமையில் ஏதாவது உண்டா? இலத்தீனில் செவ்வாய்க்கிழமைக்கு "மார்ஸின் நாள்" என்றுதானே பெயர்?

பஞ்சாங்கம்

பெயர் அதுதான். ஆனால் அது கோளின் நாள். ஏழு கோள் வரிசையில் கிழமை எண்ணும் முறை ஹெலனிய சோதிடத்திலிருந்து வந்து பேரரசுக் காலத்தில்தான் பரவியது. நம் செவ்வாய்க்கிழமையும் அதே கோள் வரிசையைச் சேர்ந்தது, இரண்டும் ஒரே நாளில் விழுவது அதனால்தான். மேலே சொன்ன பழைய சடங்குகளுக்குக் கிழமையோடு எந்தத் தொடர்பும் இல்லை.

மதிலோரம்

சாலியரைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் மார்ஸ் வழிபாட்டில் நுணுக்கம் மிகுந்த பகுதி அது.

இரண்டு குழுக்கள், குழுவுக்கு 12 பேர். பாலடைன் குன்றுக் குழுவை மன்னர் நூமாவும், குவிரினல் குன்றுக் குழுவை மன்னர் துல்லுஸ் ஹோஸ்டிலியஸும் அமைத்தார்கள் என்பது மரபு. உயர்குடியில் பிறந்திருக்க வேண்டும், சேரும்போது தாய் தந்தை இருவரும் உயிரோடு இருக்க வேண்டும். பூவேலைச் சட்டை, வெண்கல மார்புக் கச்சை, கூம்புத் தொப்பி, இடுப்பில் வாள். கேடயத்தின் பெயர் அங்கிலே. இருபுறமும் நடுவில் உள்வளைந்து, எட்டு என்ற எண் போன்ற வடிவம். நூமா காலத்தில் ஒன்று வானிலிருந்து விழுந்தது, திருடன் அடையாளம் காணாதபடி மமூரியஸ் என்ற கொல்லர் அதே போல் 11 செய்தார், ஆக 12. எது மூலம் என்று யாருக்கும் தெரியாது என்பதே அதற்குப் பாதுகாப்பு. கொல்லர் கேட்ட கூலி, பாட்டின் முடிவில் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது.

நடனம் மூன்றடி மிதிப்பு. தலைவர் ஒரு அடவு வைக்க, மற்றவர்கள் அதைத் திரும்ப ஆடுவார்கள். கோலால் கேடயத்தைத் தட்டித் தாளம். நகரத்தின் இன்ன இன்ன இடத்தில் நின்று ஆட வேண்டும் என்று ஒழுங்கு, இரவில் தங்குமிடத்தில் விருந்து. அந்த விருந்து பேர்பெற்றது. வழக்கு விசாரித்துக்கொண்டிருந்த பேரரசர் கிளாடியஸ், பக்கத்து மார்ஸ் கோயிலில் சாலியருக்குச் சமைக்கும் மணம் வந்ததும் எழுந்துபோய்ப் பந்தியில் அமர்ந்தார் என்று சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார்.

பாட்டின் சொற்கள் பாடும் குருமாருக்கே சரியாகப் புரியவில்லை என்கிறார் குவிண்டிலியன். மாற்றவும் கூடாது, மதம் தடுக்கிறது என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

கேடயம் வெளியே இருக்கும் நாட்கள் "அசையும்" நாட்கள். அப்போது சாலியர் பயணம் செய்யக் கூடாது. சிரிய மன்னன் அந்தியோக்கஸுக்கு எதிரான போரில் ஸ்கிப்பியோ ஆஃப்ரிக்கானஸ் ஹெலஸ்பான்ட் நீரிணையருகே நின்றுவிட்டது இதனால்தான். அவர் சாலியர். எங்கே இருக்கிறாரோ அங்கேயே 30 நாள் இருக்க வேண்டும் என்கிறார் பாலிபியஸ். படையும் கடக்கும் இடத்திலேயே முகாமிட்டுக் காத்திருந்தது.

பஞ்சாங்கம்

அதில் ஒரு சிக்கலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளில் ரோமானிய நாட்காட்டி பருவத்தைவிட ஏறக்குறைய நான்கு மாதம் முந்தி ஓடியது. ஜூலை 11இல் பட்டப்பகலில் சூரியன் மறைந்தது என்று லிவி குறிக்கும் கிரகணம், வானியல் கணக்கில் கி.மு. 190 மார்ச் 14. இடைச்செருகல் மாதங்களைக் குருமார் ஒழுங்காகச் சேர்க்காததன் விளைவு. ஆகவே நாட்காட்டியில் மார்ச் வந்தபோது வானத்தில் வசந்தம் இல்லை. "போர்ப் பருவத்தைத் திறக்கும் விழா" என்று நான் மேலே சொன்னது அமைப்பளவில் சரி, எல்லா ஆண்டுக்கும் அப்படியே பொருந்தாது.

வடமுனை

எல்லைக் கொள்கைக்குக் கோயில்களின் இருப்பிடத்தைச் சான்றாகக் காட்டுவார்களே, அது எவ்வளவு உறுதி?

மதிலோரம்

குடியரசுக் காலத்துக்கு நல்ல உறுதி. பொமேரியம் என்பது நகரின் புனித எல்லை. அதற்குள் தளபதியின் படை அதிகாரம் செல்லாது, படையாகக் கூடவும் கூடாது. மார்ஸின் பழைய பலிபீடம் அதற்கு வெளியே, மார்ஸ் திடலில். நூற்றுவர் பேரவை படை அமைப்பில் வாக்களித்ததால் அதுவும் அந்தத் திடலில்தான் கூடியது. ஆப்பியன் சாலையில் கப்பேனா வாயிலுக்கு வெளியே இருந்த மார்ஸ் கோயில் கி.மு. 388இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஜூலை 15இல் குதிரைவீரர் அணிவகுப்பு அங்கிருந்து புறப்படும். பிறகு ஜூனியஸ் புரூட்டஸ் கல்லைகஸ் கட்டிய கோயிலும் வெளியேதான், ஃபிளாமினியஸ் திடல் பகுதியில்.

விட்ருவியஸ் காரணமும் சொல்கிறார்: மார்ஸ் மதிலுக்கு வெளியே இருந்தால் குடிமக்களுக்குள் ஆயுதச் சண்டை வராது, எதிரியிடமிருந்து நகரையும் காப்பார்.

வடமுனை

ஆனால் தலைமைக் குருவின் பணியிடமான ரேகியா? நகரின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தின் நடுவில், எல்லைக்கு நன்றாக உள்ளே, மார்ஸின் ஈட்டிகள் இருந்தன. கேடயங்களையும் அங்கே வைத்துப் பேசும் நூல்கள் உண்டு. இதை விட்டுவிட்டு "எப்போதும் வெளியே" என்று சொல்ல முடியாது.

ஏட்டுக்கட்டு

இந்த இழையில் வந்த வலுவான மறுப்பு இதுதான். என் பதில்: உள்ளே இருந்தது உறங்கும் மார்ஸ்.

வெர்ஜிலின் காவியத்துக்குச் செர்வியஸ் எழுதிய உரையில் முறை இருக்கிறது. போர்ப் பொறுப்பை ஏற்ற தளபதி மார்ஸின் அறைக்குள் போய், முதலில் கேடயங்களை அசைப்பார், பிறகு தெய்வத்தின் ஈட்டியை அசைத்து "மார்ஸ், விழித்தெழு" என்பார். மனிதன் அசைத்தால் அது முறை. ஈட்டி தானே அசைந்தால் அது பெரும் தீக்குறி.

கி.மு. 99இல் அது நடந்தது. ரேகியாவில் மார்ஸின் ஈட்டிகள் அசைந்தன என்று குரு ஒருவர் அறிவித்தார். செனட் தீர்மானத்தை கெல்லியஸ் அப்படியே தருகிறார்: கன்சல் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை அதிகாரி) மார்க்குஸ் அந்தோனியஸ் ஜூப்பிட்டருக்கும் மார்ஸுக்கும் முழுவளர்ச்சி விலங்குகளைக் கொடுக்க வேண்டும், மற்ற தெய்வங்களுக்குப் பால்குடிக் குட்டிகள். முதல் பலி ஏற்கப்படாவிட்டால் அடுத்து வெட்ட மாற்று விலங்குகளுக்கும் அதே தீர்மானத்தில் ஏற்பாடு. கேட்டோவின் பண்ணையில் பார்த்த அதே எச்சரிக்கை, அரசு அளவில்.

ஹன்னிபால் இத்தாலிக்குள் இருந்த கி.மு. 217இல் வந்த குறிகளில் இன்னொன்று: ஃபலேரியில் குறிச்சீட்டு ஒன்று தானே விழுந்தது, அதில் "மாவோர்ஸ் (மார்ஸின் பழம்பெயர்) தன் ஈட்டியை அசைக்கிறார்" என்று எழுதியிருந்தது. அதே ஆண்டு ஆப்பியன் சாலையில் மார்ஸ் சிலையும் ஓநாய்ச் சிலைகளும் வியர்த்தன.

செம்மண்

அக்டோபர் குதிரைக்கு வருவோமா? உழவா போரா என்ற சண்டை அதில்தான் சூடு பிடிக்கிறது.

ஏட்டுக்கட்டு

செய்முறை: அக்டோபர் 15, மார்ஸ் திடலில் இரட்டைக் குதிரைத் தேர்ப் பந்தயம். வென்ற தேரின் வலப்புறக் குதிரையை மார்ஸுக்குக் கொடுப்பார்கள். கோடரி கிடையாது, ஈட்டியால் குத்துவார்கள். வாலை வெட்டி எடுத்து, அதன் குருதி அடுப்பில் சொட்ட வேண்டும் என்பதால் மிக வேகமாக ரேகியாவுக்கு ஓடுவார்கள். தலையை வெட்டி ரொட்டிகளால் அலங்கரிப்பார்கள். அந்தத் தலைக்காக ரோமின் இரண்டு பகுதியினரான சுபுராவாசிகளும் புனித வீதிக்காரர்களும் மோதுவார்கள். சுபுரா வென்றால் மமீலியக் கோபுரத்தில் தொங்கும், மற்றவர் வென்றால் ரேகியாவின் சுவரில்.

ரொட்டிக்குக் காரணம் "விளைச்சல் நன்றாக வந்ததற்காக" என்று ஃபெஸ்டஸின் பழைய அகராதியின் சுருக்கம் சொல்கிறது. அதே சுருக்கம், மாட்டைக் கொடுக்காமல் குதிரையைக் கொடுப்பது குதிரை போருக்கு உரியது, மாடு விளைச்சலுக்கு உரியது என்பதால் என்றும் சொல்கிறது. இக்கால ஆய்வாளர்களில் மன்ஹார்ட், ஃபிரேசர் வழியினர் முதல் வரியைப் பிடித்துக்கொண்டு இதைத் தானிய ஆவியின் பலி என்றார்கள். துமேசில் இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டு போர்ச் சடங்கு என்றார். என் பார்வையில் இரண்டு வரிக்கும் இடமுண்டு: களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்த விளைச்சல், அதைப் பகைவரிடமிருந்து காத்து முடித்த படையின் குதிரை.

டிராய் நகர மரக்குதிரைக்குப் பழிவாங்கும் சடங்கு என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டிமேயஸ் சொன்னதைப் பாலிபியஸ் அன்றே மறுத்துவிட்டார். போருக்கு முன் குதிரையைப் பலியிடும் வழக்கம் பல இனங்களில் இருக்கிறது, அவர்கள் எல்லாரும் டிராயிலிருந்து வந்தவர்களா என்று கேட்டார்.

வடமுனை

வாலில் ஒரு நடைமுறைச் சிக்கல். வால் எலும்பில் சதை குறைவு, குருதியும் குறைவு. திடலிலிருந்து ஃபோரம் வரை ஓடும்போதே பெரும்பகுதி உறைந்துவிடும். அதனால் "வால்" என்பது ஆண்குறிக்கு இடக்கரடக்கல் என்று சிலர் வாதிட்டார்கள். இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு அந்த வழக்கு உண்டு.

ஏட்டுக்கட்டு

வழக்கு உண்டுதான். ஆனால் ஃபெஸ்டஸ் ஓட்டத்தின் வேகத்தையே வலியுறுத்துவதைப் பாருங்கள். சொட்டுவது சில துளிகள்தான் என்று தெரிந்ததால்தான் ஓட்டம். நிறையக் குருதி வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. ஏப்ரல் 21 பரீலியா என்ற மேய்ப்பர் விழாவுக்கு, அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் கன்னிக் குருமார் தரும் தூபப்பொடியில் குதிரைக் குருதி சேரும் என்று ஓவிட் எழுதுகிறார். அது இந்தக் குதிரையின் குருதிதான் என்று எல்லாரும் எழுதிவிடுகிறார்கள், ஓவிட் அக்டோபரைக் குறிப்பிடவே இல்லை.

மதிலோரம்

குருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ஸின் தனிக் குருவான ஃபிளாமென் மார்ஷியாலிஸ் போருக்குப் போக முடியாது. கி.மு. 242இல் கன்சலாக இருந்த போஸ்டூமியஸ் அல்பினஸ் இந்தக் குரு. கார்த்தேஜுக்கு எதிராகக் கப்பலேற இருந்தவரைத் தலைமைக் குரு மெட்டெல்லஸ் தடுத்து நிறுத்தினார். சடங்கை விட்டுவிட்டு நகரைத் தாண்டக் கூடாது. உடனிருந்த கன்சல் கட்டுலஸ் போய் அடுத்த ஆண்டு ஏகேட்ஸ் தீவுப் போரில் வென்றார். கி.மு. 131இல் வலேரியஸ் ஃபிளாக்கஸுக்கும் இதே தடை வந்தது. பின்னாளில் இந்தக் கட்டு தளர்ந்தது.

வெறும் போர்வெறித் தெய்வத்துக்கு இப்படி ஒரு குரு பொருந்தமாட்டார். மற்றவர்கள் எல்லாரும் வெளியே போகும்போது சடங்கு அறுபடாமல் உள்ளே ஒருவர் இருந்தாக வேண்டும்.

கல்லெழுத்து

அரசு அளவிலான சுவோவெடௌரிலியாவில் குட்டிகள் அல்ல, வளர்ந்த விலங்குகள்: காளை, கிடா, ஆண்பன்றி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கு முடிந்ததும் மார்ஸ் திடலில் கூடிய மக்களைச் சுற்றி நடத்துவார்கள். விலங்குகளை நடத்துபவர்களை மங்கலமான பெயர் கொண்டவர்களாகப் பார்த்துப் பொறுக்குவார்கள் என்று சிசெரோ சொல்கிறார், பெயரும் ஒரு குறி. லூவ்ர் அருங்காட்சியகத்தில் டொமிஷியஸ் பலிபீடம் எனப்படும் புடைப்புச் சிற்பத்தில், ஆயுதம் தரித்த மார்ஸ் பலிபீடத்தருகே நிற்க மூன்று விலங்குகளும் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். திராஜன் தூணில் இது மூன்று முறை வருகிறது. முகாம் மதிலுக்கு வெளியே விலங்குகள் சுற்ற, உள்ளே பேரரசர் தலையை மூடிக்கொண்டு மது வார்க்கிறார்.

முறை தவறினால் பலி செல்லாது என்பதற்கு மார்ஸ் அல்லாத ஒரு உதாரணம், ஆனால் அளவு புரியும். கி.மு. 217இல் ஜூப்பிட்டருக்கு வேண்டிக்கொண்ட "புனித வசந்தம்", அதாவது ஒரு வசந்தத்தில் பிறந்த கால்நடை எல்லாவற்றையும் பலியிடுவது, கி.மு. 195இல் நிறைவேறியது. சரியாகச் செய்யவில்லை என்று தலைமைக் குரு அறிவிக்கவே, அடுத்த ஆண்டு அதை முழுதாக மறுபடி செய்தார்கள்.

செம்மண்

ஏரிஸோடு சேர்த்தது எப்போது?

ஏட்டுக்கட்டு

படிப்படியாக. அதே கி.மு. 217இல் பன்னிரு தெய்வங்களுக்கு ஆறு மஞ்சங்கள் இட்டு விருந்து வைத்தபோது மார்ஸையும் வீனஸையும் ஒரே மஞ்சத்தில் வைத்தார்கள். அது கிரேக்கப் புராண இணை. ஆனால் இலியட்டில் ஜீயஸ் வெறுக்கும் ஏரிஸ் எங்கே, ஜூப்பிட்டர், குவிரினஸ் ஆகியோரோடு தனி ஃபிளாமென் பெற்று மூவரில் ஒருவராக நின்ற மார்ஸ் எங்கே? உருவம் கிரேக்கத்திலிருந்து வந்தது, சடங்கு மாறவில்லை.

மதிலோரம்

சடங்கில் பெரிய மாற்றம் அகஸ்டஸ் செய்தது. கி.மு. 42 ஃபிலிப்பி போரில் சீசரைக் கொன்றவர்களுக்கு எதிராக வேண்டிக்கொண்ட "பழிதீர்க்கும் மார்ஸ்" கோயில் கி.மு. 2இல்தான் முடிந்தது, 40 ஆண்டு. நடுவில், கி.மு. 53இல் ரோமானியத் தளபதி கிராசஸ் இழந்த படைக்கொடிகளைப் பார்த்தியர் கி.மு. 20இல் திருப்பித் தந்ததால் இன்னொரு பழியும் தீர்ந்ததாகிவிட்டது. கொடிகள் இந்தக் கோயிலில் வைக்கப்பட்டன.

கோயில் பொமேரியத்துக்கு உள்ளே. போர் பற்றியும் வெற்றி ஊர்வலம் பற்றியும் செனட் பேசுவது அங்கே. மாகாணத்துக்குப் போகும் ஆளுநர் புறப்படுவது அங்கிருந்து. வென்றவர் செங்கோலையும் மகுடத்தையும் வைப்பது அங்கே. செம்மண் முதலில் கேட்ட கேள்விக்கு இதில் ஒரு விடை இருக்கிறது: வெற்றியின் முடிவு முன்பு கேபிடலில் ஜூப்பிட்டருடையது, அதில் ஒரு பங்கை அகஸ்டஸ் மார்ஸுக்கு எடுத்துக் கொடுத்தார். மார்ஸ் ரோமுலஸின் தந்தை, வீனஸ் ஜூலியக் குடும்பத்தின் தாய் என்ற குடும்பக் கணக்கும் அதில் உண்டு.

வடமுனை

ஆக "வெளியே நிற்கும் காவலர்" என்ற விளக்கத்துக்கு கி.மு. 2 வரைதான் ஆயுள்.

கல்லெழுத்து

இடத்தைப் பொறுத்தவரை ஆம். பலி விதி அதற்குப் பிறகும் மாறவில்லை. ஜூப்பிட்டருக்குக் காயடிக்காத காளையைக் கொடுக்கக் கூடாது. மார்ஸ், நெப்டியூன், அப்பல்லோ ஆகியோருக்கே கொடுக்கலாம் என்று மக்ரோபியஸ் பழைய விதியைப் பதிந்திருக்கிறார். இதை நூலோர் கற்பனை என்று தள்ள முடியாது. யூஃப்ரடீஸ் ஆற்றங்கரையில் டியூரா-யூரோப்போஸ் கோட்டையில் 20ஆம் பால்மைராக் கோஹார்ட் என்ற படைப்பிரிவின் விழாப் பட்டியல் பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. கி.பி. 220களைச் சேர்ந்தது. ஜனவரி 3 வேண்டுதலில் ஜூப்பிட்டருக்கு "ஆண் மாடு" என்று எழுதிவிட்டு, அதே பத்தியில் தந்தை மார்ஸுக்கும் வெற்றி மார்ஸுக்கும் "காளை" என்று வேறு சொல் போட்டிருக்கிறார் எழுத்தர். மார்ச் 1 மார்ஸின் பிறந்தநாள் என்று குறித்து அதற்கும் ஒரு காளை.